வேல்ஸ் மூதாதையரைத் தேடுவோருக்கு: இளவரசர்களின் வரலாறு எங்கே கைகொடுக்கும்?

வேல்ஸ் நாட்டுக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடத் தொடங்கியவர்கள் சில நாட்களிலேயே ஓர் அரசரைச் சந்தித்துவிடுகிறார்கள். இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த வம்சாவளி மரத்தில் தங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பொருத்துகிறார்கள். அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டின் ட்யூடர் அரசர்கள் காலத்து நிலக்கிழார், அவருக்கு மேலே க்வினெத் நாட்டு இளவரசர், உச்சியில் 878இல் இறந்த ரோட்ரி மௌர் என்று அரை மணி நேரத்தில் ஆயிரம் ஆண்டுகள் ஏறிவிடுகிறார்கள்.

அந்த உறவு பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. நூறு ஆண்டுக்கு மூன்று தலைமுறை என்று வைத்துக்கொண்டால், வேல்ஸ் தன் கடைசி சுதந்திர இளவரசரை இழந்த 1282க்கும் இன்றைக்கும் இடையே ஏறத்தாழ 22 தலைமுறைகள் இருக்கின்றன. 22 தலைமுறைக்கு முன்னால் ஒருவருடைய மரத்தில் 41 லட்சத்துக்கும் அதிகமான மூதாதையர் இடங்கள் இருக்கும். அன்றைய வேல்ஸின் மக்கள்தொகை சுமார் 3 லட்சம் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஆகவே வேல்ஸ் வழிவந்த ஒருவரின் மரத்தில் எங்கேனும் ஓர் இளவரசர் இருப்பது நடக்கக்கூடியதே. அவரைப் பெயர் பெயராக, சான்றோடு சென்றடைவதுதான் அரிது.

இளவரசர்களின் வரலாற்றைக் கிரீடம் தேடிப் படிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். உங்கள் மக்கள் எந்த நிலத்தில், எந்தச் சட்டத்தின் கீழ், எப்படிப்பட்ட பெயர் மரபோடு வாழ்ந்தார்கள் என்று அறியப் படியுங்கள். வேலை இரு முனைகளிலிருந்து நடக்க வேண்டும். உங்களிடமிருந்து மேல்நோக்கி ஒரு வழி, வரலாற்றிலிருந்து கீழ்நோக்கி இன்னொரு வழி. இரண்டும் சந்திக்குமானால், பெரும்பாலும் 1500க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் சந்திக்கும். வேல்ஸ் வம்சாவளிகளில் அதிகமான பொய்கள் ஒட்டவைக்கப்படுவதும் அதே இரண்டு நூற்றாண்டுகளில்தான்.

முதலில் ஒரு பாரிஷைப் பிடியுங்கள்

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம். உங்கள் குடும்பம் எந்த பாரிஷிலிருந்து வந்தது என்று தெரியாதவரை இடைக்கால வரலாற்றைத் திறப்பதில் பயனில்லை.

இந்தப் பகுதியில் வேலை எளிது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. தலைமைப் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கிறது. ஒரே ஊரில் பல ஜான் ஜோன்ஸ்கள் பிறந்திருக்கும் நாட்டில் இது பெரிய வரம். குடும்பத்திலுள்ளோர் எல்லோரின் பெயரையும் வரிசையாகத் தரும் மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் 1921 வரை பார்க்கக் கிடைக்கிறது. 1931ஆம் ஆண்டுக் கணக்கு தீயில் அழிந்துவிட்டதால் அந்த இடைவெளியை 1939ஆம் ஆண்டுப் பதிவேட்டைக் கொண்டு நிரப்ப வேண்டும். 1841ஆம் ஆண்டுக் கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 44 வயதுக்காரர் 40 என்று இருந்தால் அது வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1891 முதல் வேல்ஸில் ஒருவர் பேசும் மொழி வேல்ஷா, ஆங்கிலமா, இரண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். தெற்கின் நிலக்கரிப் பள்ளத்தாக்கில் வேல்ஷ் மட்டுமே பேசிய ஒரு குடும்பத்தைக் கண்டால், அது கிராமப்புறத்திலிருந்து அண்மையில் குடிபெயர்ந்ததாக இருக்கலாம் என்று சந்தேகித்து, பிறந்த ஊர்ப் பத்தியைப் பாருங்கள்.

சென்னை, திருச்சி போன்ற ஊர்களின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் வேல்ஸ் பெயர் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றில் வேல்ஸ் பாரிஷின் பெயர் கிடைப்பது அரிது. முன்னோர் ராணுவத்தில் இருந்தவரானால், அவர் படையில் சேர்ந்தபோது எழுதப்பட்ட தாளில் பிறந்த ஊர் இருக்கும் வாய்ப்பு அதிகம். அதைத் தேடுங்கள்.

குடும்பப் பெயரை நம்பாதீர்கள்

வேல்ஸ் ஆராய்ச்சியில் புதியவர்களைத் தடுமாற வைப்பது பெயர்தான். இடைக்கால வேல்ஸில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் தமிழ் வாசகருக்கு இந்த முறை உடனே பிடிபடும். ஹவெலின் மகன் ரீஸ் என்றால் அவர் ரீஸ் அப் ஹவெல். அவருடைய மகன் ஒவைன் என்றால் ஒவைன் அப் ரீஸ். மகளானால் ‘அப்’ இருந்த இடத்தில் ‘வெர்க்’ வரும். திருமணத்துக்குப் பின்னும் பெண் தன் தந்தையின் பெயரையே வைத்துக்கொண்டாள்.

நிலையான குடும்பப் பெயர் ஒரே நாளில் வரவில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டத்தோடும் நீதிமன்றங்களோடும் நெருங்கிப் பழகிய நிலக்கிழார்கள் முதலில் மாறினார்கள். வடக்கிலும் மேற்கிலும் சாதாரண உழவர் வீடுகளில் 18ஆம் நூற்றாண்டு முழுவதும், சில இடங்களில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் பழைய முறை நீடித்தது. ‘அப்’ என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டு அப் ஹவெல் பவல் ஆனது. அப் ரீஸ் ப்ரைஸ் ஆனது. அப் ஹ்யூ பியூ, அப் ரிச்சர்ட் பிரிச்சர்ட், அப் ஹாரி பாரி, அப் எவன் பெவன், அப் ஒவைன் போவன் ஆயின. இன்னும் சில பெயர்கள் அடைமொழியிலிருந்து வந்தவை. லாயிட் என்பது நரைத்தவர், வான் என்பது இளையவர், கஃப் என்பது செந்நிறத்தவர்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, இரண்டு ஜோன்ஸ் குடும்பங்களுக்கு இடையே எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு ஜான் அவர்களுடைய தந்தையாக இருந்தார் என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் சொல்வதில்லை. மற்றொன்று, 1780இல் தாமஸ் எவன் என்று பதிவானவரின் தந்தை எவன் தாமஸாகவும், மகன் ஜான் தாமஸாகவும் இருக்கலாம். மேலே ஏறும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் திரும்புமா என்று பாருங்கள். பெயருக்குப் பதிலாகப் பண்ணை வீட்டின் பெயரைப் பின்தொடருங்கள். பண்ணைப் பெயர் தலைமுறைகள் தாண்டியும் நிலைத்து நிற்கும். அக்கம்பக்கத்தார் ஒருவரை அடையாளம் சொன்னதும் அதைக் கொண்டுதான்.

எழுத்தர்களின் கைவண்ணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். யேயான், எவன், ஜான் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ஒரே மனிதர் வெவ்வேறு தாள்களில் வெவ்வேறு வடிவத்தில் பதிவாகியிருக்கலாம். வேல்ஷ் அறியாத எழுத்தர் லுவெலினை ஃப்ளூவெலின் என்று எழுதியதும் உண்டு.

பாரிஷ் பதிவேடும் உயிலும்

பாரிஷ் பதிவேடுகள் வைக்க வேண்டும் என்ற ஆணை 1538இல் பிறந்தது. ஆனால் வேல்ஸின் பல பாரிஷ்களில் 1660களுக்கு முந்தைய ஏடுகள் எஞ்சவில்லை. ஏடு தொலைந்த இடத்தில் ஆயருக்கு அனுப்பிய ஆண்டுப் படி கிடைக்கிறதா என்று பாருங்கள். 1752 வரை ஆண்டு மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது. ஆகவே 1701 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1702. குடும்பம் சிற்றாலயத்தைச் சேர்ந்த மெதடிஸ்டாகவோ பாப்டிஸ்டாகவோ இருந்தாலும், 1754 முதல் 1837 வரை அவர்களுடைய திருமணம் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் நடந்திருக்க வேண்டும். குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டுமே விலக்கு இருந்தது.

ஞானஸ்நானப் பதிவில் பெயர் மட்டும் இருக்கும். உயிலில் குடும்பமே இருக்கும். அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம், 1858க்கு முன் வேல்ஸ் திருச்சபை நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கப்பட்ட 1,90,000க்கும் மேற்பட்ட உயில்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங், கடைசி மகளுக்கு ஒரு பசு, மருமகனுக்குக் கலப்பை என்று எழுதிவைத்த உழவரின் உயில், மூன்று தலைமுறையை ஒரே தாளில் கட்டிக்கொடுத்துவிடும். பதிவேடு 1680இல் நின்றுபோன பாரிஷிலும் 1620ஆம் ஆண்டு உயில் கிடைக்கலாம். 1543 முதல் 1830 வரை வேல்ஸுக்கென்றே இருந்த பெரும் அமர்வு நீதிமன்றங்களின் ஆவணங்களும், பெரிய நிலக்கிழார் குடும்பங்களின் குத்தகைத் தாள்களும் இதே நூலகத்தில்தான் இருக்கின்றன. 1700க்கு மேலே ஏற உதவும் மூன்று கயிறுகள் உயில், வழக்கு, குத்தகை.

இளவரசரைத் தேடும் முன் கூமுடைத் தேடுங்கள்

இப்போது மறுமுனைக்கு வருவோம். இடைக்கால வேல்ஸ் ஒரே நாடாக இருந்தது மிகக் குறைந்த காலமே. வடமேற்கில் க்வினெத், நடுவிலும் வடகிழக்கிலும் பொவிஸ், தென்மேற்கில் டெஹைபார்த், தென்கிழக்கில் மோர்கனூக் என்று தனித்தனி அரசுகள் இருந்தன. ஒவ்வொன்றும் கான்ட்ரெவ் என்னும் பெரும் பிரிவுகளாகவும், கான்ட்ரெவ் கூமுட் என்னும் சிறு பிரிவுகளாகவும் பிரிந்திருந்தது. வரி, வழக்கு, நில உரிமை எல்லாம் கூமுட் அளவில்தான் நடந்தன. உங்கள் பாரிஷ் எந்தக் கூமுடில் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் முன்னோர் எந்த அரச குலத்தின் ஆட்சியில் இருந்தார்கள், எந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதற்கு விடை அதில் கிடைத்துவிடும். கார்டிகன் பகுதி உழவர் குடும்பத்துக்கு க்வினெத் இளவரசரை நேரடி முன்னோராகக் காட்டும் மரத்தைப் பார்த்தால், இடையில் யார் எப்போது இடம் மாறினார் என்று கேளுங்கள்.

கூமுடின் பெயர் குடும்பத்தின் பெயராகவே நிலைத்த ஒரு நிகழ்வு சென்னைக்குத் தெரிந்த மனிதரிடம் இருக்கிறது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். 1721இல் இறந்தபின் அவரை அடக்கம் செய்தது வடகிழக்கு வேல்ஸின் ரெக்ஸம் தேவாலயத்தில். பொவிஸ் அரசின் வடபகுதியில் இருந்த யால் என்னும் கூமுடின் பெயரே அவருடைய குடும்பப் பெயர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயராக உலகம் அறிந்த சொல்லுக்குள் ஓர் இடைக்கால ஆட்சிப் பிரிவு இருக்கிறது. குடும்பப் பெயர் தந்தை பெயராகவும் அடைமொழியாகவும் தோன்றாதபோது, அது ஓர் ஊராகவோ கூமுடாகவோ இருக்கலாம் என்று வரைபடத்தைப் பாருங்கள்.

சட்டம் தெரிந்தால் மரம் புரியும்

1188இல் வேல்ஸைச் சுற்றிவந்த பாதிரியார் ஜெரால்ட், டெஹைபார்த் அரசகுமாரி நெஸ்ட்டின் பேரன். வேல்ஸ் மக்களில் எளியவர்கள்கூட ஆறு, ஏழு தலைமுறை முன்னோரின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். இதைக் குலப்பெருமை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரிந்தது. அந்தப் பட்டியல் அவர்களுடைய நிலப் பத்திரம்.

ஹவெல் தா என்னும் அரசரின் பெயரால் வழங்கும் வேல்ஸ் சட்டத்தில் நிலம் குடும்பக் கால்வழிக்கு உரியது. தந்தை இறந்தால் மகன்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் காலத்துக்குப் பின் ஒரே பாட்டனின் பேரர்கள் மீண்டும் சமமாகப் பிரிக்கலாம். அதற்குப் பின் ஒரே கொள்ளுப்பாட்டனின் வழிவந்தவர்கள் இன்னொரு முறை பிரிக்கலாம். கொலை நடந்தால் அதற்கான ஈட்டுத் தொகையைக் கொன்றவனின் தூரத்து உறவினர்கள் வரை பகிர்ந்து கட்ட வேண்டும். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சகோதரர் யார் என்று தெரியாத மனிதனால் நிலம் கேட்கவும் முடியாது, ஈட்டுத் தொகையில் தன் பங்கை மறுக்கவும் முடியாது.

இந்தச் சட்டம் உங்கள் மரத்தில் மூன்று இடங்களில் கைகொடுக்கும்.

இளவரசரின் வழியினர் எப்படி உழவரானார்கள் என்பது முதலாவது. நான்கு மகன்கள், பதினாறு பேரர்கள் என்று நிலம் துண்டாகிக்கொண்டே போனால், நூற்றைம்பது ஆண்டுகளில் அரசர் வழிவந்தவர் சில வயல்களுக்குச் சொந்தக்காரர். அவருக்குக் கவிஞர்கள் பாட்டுக் கட்டியிருப்பார்கள், ஏரும் அவரே பிடித்திருப்பார். ஆகவே ஏழை என்பதால் அரச வழி இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரிய வீடு இருப்பதும் அரச வழிக்குச் சான்றாகாது.

இரண்டாவது, மூத்த மகனைப் பற்றியது. வேல்ஸ் வழக்கில் தந்தையின் முதன்மை வீடு கடைசி மகனுக்குப் போனது. இடைக்காலத்தில் குடும்ப வீட்டில் தொடர்ந்திருப்பவரை மூத்த கிளை என்று ஊகித்து மரம் வரைந்தால் தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். தந்தை ஏற்றுக்கொண்டால் அவனுக்கும் சம பங்கு உண்டு என்றது வேல்ஸ் சட்டம். திருச்சபை அதை எதிர்த்தது. 1240இல் இறந்த லுவெலின் அப் யோர்வெர்த், இங்கிலாந்து அரசர் ஜானின் மகள் ஜோனிடம் பிறந்த டாவிதைத் தன் ஒரே வாரிசாக்கினார். அவருக்கு முன் வேறொரு பெண்ணிடம் பிறந்த கிரிஃபித் ஒதுக்கப்பட்டார். 1244இல் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து தப்ப முயன்று விழுந்து இறந்தார். ஆனாலும் அந்த கிரிஃபித்தின் மகன்தான் பின்னாளில் வேல்ஸ் முழுமைக்கும் இளவரசராக ஏற்கப்பட்ட லுவெலின் அப் கிரிஃபித். ஆங்கிலக் குடும்ப வரலாற்று வழக்கப்படி ‘முறைகேடான’ கிளைகளை வெட்டிவிட்டால் வேல்ஸ் வரலாற்றில் பாதி காணாமல் போகும்.

இந்தச் சட்டம் எப்போது மாறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1282 டிசம்பர் 11 அன்று கில்மெரி அருகே லுவெலின் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி டாவித் 1283இல் ஷ்ரூஸ்பரியில் தூக்கிலிடப்பட்டார். வேல்ஸைக் கைப்பற்றிய இங்கிலாந்தின் 1284ஆம் ஆண்டுச் சட்டம் வடக்கில் ஆங்கில முறைக் கவுண்டிகளை நிறுவியது. திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன்களின் பங்கை நீக்கியது. மற்ற மகன்களுக்கான பங்கீட்டை விட்டுவைத்தது. வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்து 1536லும் 1543லும் வந்த ஒன்றிணைப்புச் சட்டங்கள் பங்கீட்டு முறையையும் ஒழித்து மூத்த மகனுக்கே நிலம் என்றாக்கின. ஏழு தலைமுறைப் பட்டியலை மனப்பாடம் செய்யும் அவசியம் உழவருக்கு அதோடு போயிற்று. உங்கள் வழி ஏன் சரியாக 1550க்கு அருகே மங்குகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த ஏட்டை எவ்வளவு நம்பலாம்

வேல்ஸ் வரலாற்று ஏடுகளுக்கெல்லாம் ஒரே மதிப்பு கொடுக்க முடியாது. என் வரிசையைச் சொல்கிறேன்.

12, 13ஆம் நூற்றாண்டுகளுக்கு முதலில் எடுக்க வேண்டியது ‘ப்ரூட் அ டவசோகியோன்’ எனப்படும் இளவரசர்களின் ஆண்டுக் குறிப்பேடு. காட்வலதர் அரசரின் மரணத்தை 682இல் வைத்துத் தொடங்குகிறது. அதன் ஒரு படி 1332 வரை செல்கிறது. யார் யாரைக் கொன்றார், எந்த ஆண்டு எந்த இளவரசர் இறந்தார், அவர் மகன்கள் யார் என்பதற்கு இதுதான் முதுகெலும்பு. அதற்கும் பழமையானவை ஹார்லியன் 3859 என்ற கைப்பிரதியிலுள்ள ஆண்டுக் குறிப்புகளும் வம்ச வரிசைகளும். கைப்பிரதி 1100 அளவில் எழுதப்பட்டது. உள்ளடக்கம் 10ஆம் நூற்றாண்டின் நடுவில், ஹவெல் தாவின் மகன் ஒவைனின் காலத்தில் தொகுக்கப்பட்டது. அந்தப் பட்டியல்கள் ஒவைனின் தந்தை வழியிலும் தாய் வழியிலும் தொடங்குவதைக் கவனியுங்கள். ஆளும் அரசரின் உரிமையை நிலைநாட்டும் நோக்கம் அதிலேயே தெரிகிறது. தொகுத்த காலத்துக்கு அண்மைய தலைமுறைகளை நம்பலாம். ரோமானியர்களும் விவிலிய மாந்தரும் தோன்றும் உயரத்துக்குப் போனால் அது அரசியல்.

1130களில் மான்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிய பிரித்தானிய அரசர் வரலாற்றை வம்சாவளிக்குப் பயன்படுத்தவே கூடாது. ட்ராய் நகரத்து ப்ரூட்டஸ் முதல் ஆர்தர் வரை அதில் வரும் வரிசை இலக்கியம். உங்கள் மரம் ப்ரூட்டஸில் போய் முடிந்தால், அதைக் கட்டியவர் கீழேயுள்ள படிகளிலும் கவனம் காட்டியிருக்க மாட்டார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

15ஆம் நூற்றாண்டு வாக்கில் கவிஞர்களும் வம்சாவளிப் புலவர்களும் உயர்குடிகளை ஐந்து அரச குலங்களாகவும், க்வினெத்தின் பதினைந்து குலங்களாகவும் வகுத்தார்கள். கிரிஃபித் அப் கனன், ரீஸ் அப் டெவ்துர், ப்ளெத்தின் அப் கன்வின், யெஸ்டின் அப் குர்கான்ட், எலிஸ்டன் க்ளோட்ரித் ஆகியோர் அந்த ஐவர். முதல் மூவரும் வரலாற்றில் நன்கு தெரிந்தவர்கள். எலிஸ்டனைப் பற்றிச் சமகாலச் சான்று மிகக் குறைவு. இந்த வகைப்பாடு பிற்காலத்தவர் செய்தது என்பதை மறக்காமல், தேடுவதற்கான அலமாரியாக மட்டும் பயன்படுத்துங்கள்.

நம் வேலைக்கு மிக முக்கியமானவர் லூயிஸ் டன். 1586இல் துணைக் குலச்சின்ன அதிகாரியாக, அதாவது உயர்குடிகளின் சின்னங்களையும் வம்சங்களையும் பதிபவராக, நியமிக்கப்பட்ட இந்தக் கவிஞர், அதற்குப் பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வேல்ஸ் முழுக்க உயர்குடி வீடுகளுக்குச் சென்று வம்ச வரிசைகளை எழுதி வாங்கினார். பலவற்றின் கீழே அந்தந்தக் குடும்பத் தலைவர்களே கையெழுத்திட்டிருக்கிறார்கள். 1846இல் அச்சான அந்தத் தொகுப்பில், கையெழுத்திட்டவரும் அவருடைய பெற்றோரும் பாட்டனாரும் அவர்களுக்கே தெரிந்த உண்மை. அதற்கு மேலே உள்ளவை அவர்கள் நம்ப விரும்பியவையாகவும் இருக்கலாம். கீழ்நோக்கி வரும் வழிக்கு இவர்தான் கடைசிப் படிக்கட்டு.

ஓர் எச்சரிக்கை. க்ளமார்கன் பகுதியைச் சேர்ந்த யோலோ மோர்கனூக், 1826இல் இறந்தவர், பேரறிவாளர். ஆனால் பழைய ஏடுகள் என்று சொல்லித் தாமே பலவற்றை எழுதிச் சேர்த்தார். 19ஆம் நூற்றாண்டின் தென் வேல்ஸ் குடும்ப வரலாறுகள் பலவற்றில் அவருடைய கற்பனை ஊறியிருக்கிறது. மோர்கனூக் அரசர்களைப் பற்றிச் சுவையான தகவல் எங்கேனும் கிடைத்தால், அது அவருக்கு முந்தைய கைப்பிரதியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதிக்கொள்ளுங்கள்.

இணைப்பைச் சோதிக்கும் முறை

இடைக்கால வேல்ஸ் வம்சங்களுக்கு இன்று அடிப்படை பீட்டர் பார்ட்ரமின் உழைப்பு. தொழிலால் வானிலை ஆய்வாளரான இவர், 300 முதல் 1400 வரையிலான வம்ச வரிசைகளை 1974இல் எட்டுத் தொகுதிகளாகவும், 1400 முதல் 1500 வரையிலானவற்றை 1983இல் பதினெட்டுத் தொகுதிகளாகவும் வெளியிட்டார். அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. முதலில் திணறவைக்கும். உங்கள் கூமுடின் குலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள். முக்கிய மனிதர்களுக்கு வேல்ஸ் வாழ்க்கை வரலாற்று அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்.

நன்றாக நிரூபணமான ஒரு வழியைப் பார்த்துப் பழகுவது நல்லது. கான்வி பள்ளத்தாக்கின் க்விடிர் மாளிகைக் குடும்பம் 1170இல் இறந்த ஒவைன் க்வினெத்தின் வழி என்று உரிமை கொண்டாடியது. 1525இல் இறந்த மரேடித் அப் யேயான் அந்த நிலத்தைப் பெற்றார். அவர் மகன், 1559இல் இறந்த ஜான் வின் அப் மரேடித். ‘வின்’ அங்கே வெறும் அடைமொழி. அவர் மகன், 1580இல் இறந்த மோரிஸ் வின். அடைமொழி குடும்பப் பெயராகிவிட்டது, ‘அப்’ போய்விட்டது. அவர் மகன் சர் ஜான் வின், 1553 முதல் 1627 வரை வாழ்ந்தவர், தன் குடும்ப வரலாற்றைத் தானே எழுதினார். நான்கு தலைமுறையில் பழைய பெயர் முறை புதியதாக மாறுவதை இங்கே கண்ணால் காணலாம். உங்கள் மரத்தில் இதே காலத்தில் இப்படியொரு மாற்றம் தென்படவில்லை என்றால், 1450இல் ஒருவர் ‘ஜோன்ஸ்’ என்றே எழுதப்பட்டிருந்தால், அங்கே யாரோ பின்னாளில் கைவைத்திருக்கிறார்கள்.

நீங்கள் கண்ட வரிசையைச் சோதிக்க முதலில் தலைமுறைகளை எண்ணுங்கள். 1200க்கும் 1600க்கும் இடையே பன்னிரண்டு தலைமுறை அளவில் வர வேண்டும். ஏழுதான் இருக்கிறது என்றால் சில பெயர்கள் விழுந்துவிட்டன. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் இது எளிதில் நேரும். டெஹைபார்த்தில் 1093இல் இறந்த ரீஸ், அவர் மகன் 1137இல் இறந்த கிரிஃபித், அவர் மகன் 1197இல் இறந்த ரீஸ், அவர் மகன் 1201இல் இறந்த கிரிஃபித் என்று வரிசை போகிறது. படியெடுப்பவர் கண் ஒரு வரி தாவினால் இரண்டு தலைமுறை காணாமல் போகும்.

அடுத்து, அற்றுப்போன வழிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கில்மெரியில் இறந்த லுவெலினுக்குச் சான்றுள்ள ஒரே குழந்தை க்வென்லியன். 1282இல் பிறந்த அவர், கைக்குழந்தையாகவே இங்கிலாந்தின் செம்ப்ரிங்கம் கன்னியர் மடத்துக்குக் கொண்டுபோகப்பட்டு 1337இல் அங்கேயே இறந்தார். லுவெலினின் சகோதரர் ரோட்ரியின் பேரன் ஒவைன் 1378இல் பிரான்சில் கொலையானதோடு அந்த ஆண் வழியும் முடிந்தது. ‘கடைசி இளவரசரின் நேரடி வாரிசு’ என்று சொல்லும் மரத்தை இந்த இரண்டு மரணங்களைக் கொண்டு மறுத்துவிடலாம். இதற்கு மாறாக, லுவெலின் அப் யோர்வெர்த்தின் தலைமை அலுவலராக இருந்து 1246இல் இறந்த எட்னவெட் வகனின் வழி பரந்து விரிந்தது. ஆங்கில்சித் தீவின் பென்மனித் ஊர்க் கிளையிலிருந்து வந்தவர்தான் 1485இல் இங்கிலாந்தின் அரியணையைப் பிடித்த ஏழாம் ஹென்றி. அரசரைவிட அவருடைய அதிகாரியிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு பல வடவேல்ஸ் குடும்பங்களுக்கு அதிகம்.

மூன்றாவதாக, நிலத்தைப் பொருத்துங்கள். டென்பி பகுதியின் 1334ஆம் ஆண்டு நில அளவை, எந்த ஊரில் எந்த முன்னோரின் கால்வழி எவ்வளவு நிலம் வைத்திருந்தது என்று பட்டியலிடுகிறது. மெரியனெத் பகுதிக்கு 1292-93ஆம் ஆண்டு வரிப் பட்டியல் இருக்கிறது. 1620இல் உயில் எழுதிய உங்கள் முன்னோரின் பண்ணை, ஒரு குலத்தின் பழைய நிலத்துக்குள் இருந்தால் அது நல்ல அறிகுறி. ஆனாலும் அறிகுறிதான். நடுவிலுள்ள பெயர்களைக் குத்தகைத் தாளிலோ வழக்கிலோ கண்டாக வேண்டும்.

மரபணுச் சோதனை இதில் ஒரே ஒரு வகையில் உதவும். குடும்பப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறியதால், ஆண் வழி உறவினர் ஒருவர் ப்ரைஸ், இன்னொருவர் லாயிட் என்று இருக்கலாம். ஆண் வழி மரபணு ஒத்துப்போனால் பெயர் வேறு என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு தந்தை-மகன் இணைப்புக்கும் நேராக அதற்கான சான்றை எழுதுங்கள். உயில், பதிவேடு, வழக்கு என்றால் ஒரு நிறம். லூயிஸ் டன் போன்ற சமகால வம்சப் பட்டியல் என்றால் வேறு நிறம். அச்சுப் புத்தகமோ இணைய மரமோ மட்டும் என்றால் பென்சில். பென்சிலில் எழுதியதை மை கொண்டு எழுதியதற்கு மேலே ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

தந்தை வழி 1690இல் நின்றுவிட்டால், மனைவியர் வழியைப் பாருங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடும் கதவு இது. மூத்த மகனுக்கே நிலம் என்றான பிறகு நிலக்கிழார் வீட்டு இளைய மகள்கள் வசதியான உழவர்களை மணந்தார்கள். அப்படி வந்த பெண்ணின் தந்தை தன் உயிலில் மருமகனின் பெயரையும் பண்ணையையும் எழுதியிருப்பார். திருமணத்துக்கு முன் செய்த நில ஒப்பந்தம் குடும்ப ஆவணங்களில் இருக்கும். லூயிஸ் டன்னும் மகள்களையும் அவர்களுடைய கணவன்மாரையும் குறித்திருக்கிறார். உங்கள் பாரிஷிலும் அதை ஒட்டிய பாரிஷ்களிலும் 1600 முதல் 1700 வரை இறந்த நிலக்கிழார்களின் உயில்களை எல்லாம் வரிசையாகத் திறந்து, உங்கள் பண்ணையின் பெயர் எங்கே வருகிறது என்று தேடுங்கள்.